தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்குப் புட்டியைப் பழக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மகப்பேற்று விடுப்பு முடியப் போகிறது. குழந்தையோ அம்மாவின் மார்பைத் தவிர வேறெதையும் வாயில் வைக்க மறுக்கிறது. சிங்கப்பூரில் வேலைக்குத் திரும்பும் தாய்மார்கள் பலர் கலங்கிப்போவது இந்த இடத்தில்தான். பாலைச் சேர்த்து வைத்திருப்பார்கள், நல்ல பம்ப் வாங்கியிருப்பார்கள், குளிர்பதனப் பெட்டியில் பைகள் வரிசையாக இருக்கும். ஆனால் புட்டியைக் கண்டதும் குழந்தை வீறிட்டு அழும்.

புட்டியை வெறுக்கும் குழந்தைகள் என்று சொல்லப்படுபவற்றில் பல, அவசரமாக நுழையும் புட்டியைத்தான் வெறுக்கின்றன. பசியில் அழும் நேரத்தில், படுக்க வைத்த நிலையில், வாய்க்குள் திணிக்கப்படும் ரப்பர் காம்பை எந்தக் குழந்தையும் விரும்பாது. ஆகவே இங்கே எழுதியிருப்பதில் பெரும்பகுதி, புட்டியைப் பிடிக்கப் போகிறவர் கற்க வேண்டியது. அப்பா, பாட்டி, பணிப்பெண் என்று யாராக இருந்தாலும் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள்

குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதாக இருந்தால் தாய்க்கு 16 வார விடுப்பு கிடைக்கும். குழந்தைக்குக் குடியுரிமை இல்லாத குடும்பங்களில், வேலை நியமனச் சட்டத்தின்படி அது 12 வாரம். எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இங்கு வந்து வேலை பார்க்கும் நம் தமிழ்ப் பெண்களில் பலர் இந்த இரண்டாம் வகையில் வருவார்கள். பிரசவத்துக்கு முன்பே சில வாரங்களை எடுத்துவிட்டவர்களுக்குக் குழந்தையோடு இருக்கும் காலம் இன்னும் சுருங்கும். எனவே முதல் வேலை, நீங்கள் அலுவலகம் போகும் நாளில் குழந்தைக்கு எத்தனை வாரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்ப்பது.

புட்டியைத் தொடங்க ஏற்ற காலம், பெரும்பாலான குழந்தைகளுக்கு 4 முதல் 6 வார வயது. அதற்கு முன்னால் தாய்க்குப் பால் சுரப்பு நிலைப்பட வேண்டும். குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வப் பழக வேண்டும். குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு சுரப்பதுதான் தாய்ப்பாலின் இயல்பு. முதல் வாரங்களில் மார்பில் குடிக்கும் வேளைகள் குறைந்தால் சுரப்பும் குறைந்துவிடக்கூடும்.

அதே சமயம், மிகவும் தள்ளிப்போடவும் கூடாது. பச்சிளம் குழந்தையின் வாயில் எது பட்டாலும் அது தானாகவே சப்பும். அது பிறவி அனிச்சைச் செயல். மூன்றாம், நான்காம் மாத வாக்கில் இந்த அனிச்சை மறைந்து, சப்புவதும் சப்பாமல் விடுவதும் குழந்தையின் விருப்பத்துக்குள் வந்துவிடும். ஐந்து வாரத்தில் எளிதாக நடக்கும் காரியம் பதினான்கு வாரத்தில் போராட்டமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தாமதமாகிவிட்டவர்கள் பதற வேண்டாம். நான்கு மாதக் குழந்தையும் கற்கும். கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான்.

நான்காவது வாரத்திலும் பால் கொடுக்கும்போது உங்களுக்கு வலிக்கிறது, அல்லது குழந்தையின் எடை சரியாக ஏறவில்லை என்றால், புட்டியை ஒத்திவைத்துவிட்டு அதை முதலில் கவனியுங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை ஆகிய மூன்றிலும் தாய்ப்பால் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, நாக்குக்கு அடியில் சவ்வு இறுக்கமாக உள்ள குழந்தை, விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தை ஆகியோருக்கு இந்தக் கட்டுரையைவிட மருத்துவரின் சொல்லே முதன்மையானது.

தொடங்கும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தடுப்பூசி போட்ட நாள், சளி பிடித்த நாள், பெயர் சூட்டும் விழாவுக்கு உறவினர்கள் வந்து வீடு நிறைந்திருக்கும் நாள் வேண்டாம். இன்னொன்று: ஐந்தாவது வாரத்தில் குழந்தை புட்டியைச் சமர்த்தாகக் குடித்துவிட்டது என்று நிம்மதியாகி, விடுப்பு முடியும் வரை புட்டியை எடுக்காமலே விட்டுவிடும் வீடுகள் உண்டு. குழந்தை அதை மறந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது, சிறிதளவாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

யார் கொடுப்பது?

முதல் சில வாரங்களுக்குப் புட்டியை அம்மா கொடுக்காமல் இருப்பதே நல்லது. அம்மாவின் உடல் மணமும் பாலின் மணமும் குழந்தைக்கு நன்றாகத் தெரியும். தன் பால் இருக்கும் இடம் இத்தனை அருகில் இருக்கும்போது வேறொன்றை ஏன் ஏற்க வேண்டும்? அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாலும் சில குழந்தைகள் குரலைக் கண்டுபிடித்துவிடும். வீட்டை விட்டு இறங்கிப் புளோக்கைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் கொடுப்பவரின் கையும் நடுங்கும்.

அப்பாக்கள் இதற்கு மிகவும் பொருத்தமானவர்கள். தகுதியுள்ள தந்தையருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்காக 4 வார விடுப்பு உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் 10 வார விடுப்பும் உண்டு. பலர் தந்தையர் விடுப்பு முழுவதையும் பிரசவத்தை ஒட்டியே எடுத்துத் தீர்த்துவிடுகிறார்கள். முதலாளியுடன் பேசி அதில் ஒரு பகுதியை, அம்மா வேலைக்குத் திரும்பும் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் அழுத்தமான ஆலோசனை. புட்டி பழகாத குழந்தையுடன் முதல் முறையாகப் பகல் முழுதும் இருக்கப் போகிறவர் அதன் சொந்தத் தந்தையாக இருப்பது எல்லாருக்குமே ஆறுதல்.

ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தால் அவர்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்வார் என்று குடும்பமே நம்பியிருக்கும். அவருடைய விசா என்று முடிகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பாட்டியின் கையில் மட்டுமே குடித்துப் பழகிய குழந்தை, அவர் விமானம் ஏறிய மறுநாள் புதிய கையைப் பழக வேண்டியிருக்கும். பாட்டியோடு இன்னொருவரையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணிப்பெண் கொடுப்பதாக இருந்தால் வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். நீங்கள் செய்து காட்டி, பிறகு அவர் செய்ய நீங்கள் பாருங்கள். குழந்தை மிச்சம் வைத்தால் யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள் என்று அவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த அச்சம் இருக்கும் வரை அவர் எப்படியாவது புட்டியைக் காலி செய்யத்தான் பார்ப்பார். அது அவர் குற்றமாகாது.

பாலைச் சேர்ப்பதும் காப்பதும்

பெரிய சேமிப்பு தேவையில்லை. நாளுக்கு ஒரு முறை எடுத்தால் தொடக்கத்துக்குப் போதும். இரவிலும் விடியற்காலையிலும் சுரப்பு கூடுதலாக இருக்கும் என்பதால், காலையில் குழந்தை முதல் முறை குடித்து முடித்து அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பம்ப் செய்வது பலருக்கு ஒத்துவருகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து 30 முதல் 60 மி.லி. வந்தால் மனம் தளராதீர்கள். குழந்தை குடித்த பிறகு எஞ்சியதைத்தானே எடுக்கிறீர்கள்? அதை வைத்து உங்கள் சுரப்பை அளக்க முடியாது.

சேமிக்கும் கால அளவில் நம் ஊர் வெப்பத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். கறந்த பால் 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் குறைந்த வெப்பத்தில் 4 மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம். குளிர்சாதனம் இல்லாத சிங்கப்பூர் வீட்டு வரவேற்பறையில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். அந்த 4 மணி நேரக் கணக்கு இங்கே பொருந்தாது. எடுத்த உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அங்கே 4 டிகிரியில் 4 நாள் வரையும், உறைநிலைப் பெட்டியில் தரம் குன்றாமல் 6 மாதம் வரையும் வைக்கலாம் என்பது அதே மையத்தின் அளவு. உங்கள் மருத்துவமனையோ பராமரிப்பு நிலையமோ இதைவிடக் குறைந்த காலத்தைச் சொன்னால் அதையே கடைப்பிடியுங்கள். பெட்டியின் கதவில் வைக்காமல் உள்பக்கம் தள்ளி வையுங்கள். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே வெப்பம் ஏறும். ஒரு பையில் 60 முதல் 90 மி.லி. மட்டும் ஊற்றித் தேதி எழுதினால் வீணாவது குறையும்.

உறைந்த பாலை முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக விடலாம். முழுதும் உருகிய பிறகு 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீருள்ள பாத்திரத்தில் புட்டியை நிறுத்திச் சூடேற்றுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். அது பாலைச் சமமாகச் சூடாக்காது. மேலே இளஞ்சூடாகத் தெரியும் பால் நடுவில் வாயைச் சுடும் அளவுக்கு இருக்கலாம். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மேலே மிதக்கும் ஆடையைக் கண்டு பால் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். குழந்தை வாய் வைத்த பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். கொட்டும்போது மனம் வலிக்கத்தான் செய்யும். அதனால்தான் சிறு அளவுகளில் வையுங்கள் என்கிறேன்.

சில தாய்மார்களின் பால், குளிரில் வைத்த பிறகு சோப்பு வாடை அடிக்கும். பாலில் உள்ள லைபேஸ் என்னும் நொதி கொழுப்பைப் பிரிப்பது இதற்கு ஒரு காரணம். குழந்தைக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் சுவை பிடிக்காமல் புட்டியைத் தள்ளிவிடக்கூடும். குடும்பமே காம்பை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும். குறை பாலின் சுவையில் இருக்கும். ஆகவே முதல் சில முயற்சிகளுக்கு அன்றே எடுத்த பாலைக் கொடுங்கள். ஒரு நாள் வைத்த பாலை நீங்களே சுவைத்துப் பாருங்கள். வாடை இருந்தால், எடுத்தவுடன் பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழ் கட்டும் வரை மட்டும் சூடாக்கி, கொதிக்க விடாமல் இறக்கி, விரைவாகக் குளிரச் செய்து சேமிக்கலாம். பாலின் நற்பண்புகளில் சில இதில் குறையும் என்பதால், குழந்தை உண்மையிலேயே மறுத்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

புட்டியும் காம்பும்

இதில் அதிகம் செலவழிக்காதீர்கள். மிக மெதுவாகப் பால் வரும் காம்பு போதும். ஒரு நிறுவனத்தின் மெதுவான காம்பு இன்னொன்றின் நடுத்தர வேகத்தில் பாயலாம். பெட்டியில் அச்சிட்ட மாத வயதை நம்பி மாற்ற வேண்டாம். அகன்ற அடிப்பாகத்திலிருந்து படிப்படியாகக் குறுகும் காம்பு, குழந்தை வாயை நன்றாகத் திறந்து கவ்வ உதவும். கழுவிய பாகங்களை நீரில் முழுதும் மூழ்க வைத்து 10 நிமிடம் கொதிக்க விட்டாலே கிருமி நீங்கிவிடும். நீராவிப் பெட்டி வசதிக்குத்தான்.

முதல் முறை

நேரம் முக்கியம். பசி முற்றி அழும்போது கொடுத்தால் தோல்விதான். வயிறு நிரம்பியிருக்கும்போதும் ஆர்வம் வராது. கடைசியாகக் குடித்து ஒன்று, ஒன்றரை மணி நேரம் கழித்து, குழந்தை விழித்து, முகம் மலர்ந்து, சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையைப் பிடியுங்கள். அன்றைக்கு இது உணவு வேளையே இல்லை, அறிமுகம் மட்டும். 15 முதல் 30 மி.லி. ஊற்றினால் போதும்.

கொடுப்பவர் கையைக் கழுவி, சாய்வில்லாத நாற்காலியில் உட்காரட்டும். குழந்தையைக் கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலையில், தலையும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி கையால் தாங்க வேண்டும். படுத்த நிலையில் கொடுத்தால் பால் தானாகவே கொட்டும். குழாயடியில் வாயைத் திறந்து வைத்ததைப் போலக் குழந்தை விழுங்கியே தீர வேண்டியிருக்கும். பால் நடுக்காதை நோக்கிப் போய்த் தொற்று வரவும் வாய்ப்புண்டு. சாரோங் தொட்டிலிலோ தூளியிலோ கிடத்தியபடி புட்டி கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தலையணையில் புட்டியைச் சாய்த்து வைப்பதும் நடக்கிறது. இரண்டுமே மூச்சடைப்பில் முடியக்கூடியவை. கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

காம்பை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நுனியில் ஒரு சொட்டுப் பால் தடவுங்கள். அந்த நுனியால் குழந்தையின் மேலுதட்டை மெல்லத் தொட்டுக் காத்திருங்கள். காத்திருக்க வேண்டும் என்பதைக் கொடுப்பவர் மனத்தில் பதிய வைக்க வேண்டும், ஏனென்றால் பெரியவர்களுக்கு இந்த இடத்தில்தான் பொறுமை போய்விடும். வாய் நன்றாகத் திறக்கும். குழந்தை காம்பைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். உதடுகள் அடிப்பாகம் வரை விரிந்து படிய வேண்டும். வாய் திறக்கவில்லை என்றால் உள்ளே நுழைக்காதீர்கள்.

வாயில் பிடித்த பிறகு, புட்டியைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். காம்பு பாதி நிறைந்திருந்தால் போதும். அதில் காற்று இருக்கிறதே என்று பாட்டிமார்கள் கவலைப்படுவார்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்தச் சிறிதளவு காற்று ஏப்பத்தில் போய்விடும். சில மடக்குகள் விழுங்கியதும், காம்பை வாயிலிருந்து எடுக்காமல் புட்டியின் அடிப்பக்கத்தைத் தாழ்த்தி, பால் வராமல் சற்று இடைவெளி விடுங்கள். குழந்தை மறுபடி சப்பத் தொடங்கினால் அடிப்பக்கத்தை மீண்டும் பழைய நிலைக்கு உயர்த்துங்கள். மார்பில் பால் இறங்க ஒரு நிமிடம்போல ஆகும், பிறகு வேகமாக வரும், பிறகு குறையும், மீண்டும் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய குழந்தைக்கு இடைவிடாமல் கொட்டும் புட்டி மூச்சுமுட்டும். அல்லது அந்த வேகம் பிடித்துப்போய், மெதுவாக வரும் மார்பின்மீது எரிச்சல் வரும். புட்டி பழகினால் மார்பை மறந்துவிடுமே என்ற தாயின் அச்சத்துக்கு, நிதானமாகக் கொடுப்பதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

பாதியில் பக்கம் மாற்றுங்கள். மார்பிலும் அப்படித்தானே குடிக்கிறது. முழு வேளை புட்டியில் குடிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடம் ஆக வேண்டும். ஐந்து நிமிடத்தில் புட்டி காலியானால் அது மெச்சத்தக்க செய்தியன்று, காம்பு வேகமானது என்று பொருள். விரல்கள் விறைத்து விரிவது, கண்கள் அகல விரிவது, புருவம் நெறிவது, கடைவாயில் பால் வழிவது, மடக்மடக்கென்ற சத்தம் இவையெல்லாம் வேகம் தாங்கவில்லை என்று குழந்தை சொல்லும் வழிகள். தலையைத் திருப்பினாலோ உதட்டை மூடினாலோ முடிந்தது. மீதி 10 மி.லி. இருந்தாலும் அதை ஊட்டப் பார்க்கக் கூடாது.

அழத் தொடங்கினால்? புட்டியை எடுத்துவிட்டுத் தூக்கி அணைத்து, தோளில் போட்டு நடங்கள். அமைதியானால் இன்னொரு முறை உதட்டில் தொட்டுப் பார்க்கலாம். மொத்தம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அம்மா வந்து பால் கொடுக்கட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். வேறு வழியில்லாவிட்டால் குடித்துத்தானே ஆக வேண்டும் என்று பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். புட்டி என்றாலே அழுகை என்று அந்தச் சின்ன மனத்தில் பதிந்துவிட்டால் அதை அழிக்க வாரங்கள் ஆகும்.

காம்பில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவுவதும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன், பாட்டுலிசம் என்னும் உயிருக்கு ஆபத்தான நச்சுநோயைக் கொண்டுவரக்கூடும். பழக்குவதற்காகப் புட்டியில் தண்ணீர் கொடுப்பதையும் தவிருங்கள். முதல் 6 மாதம் தாய்ப்பாலே தண்ணீரும்தான்.

எவ்வளவு பால் வைத்துவிட்டுப் போவது?

பாட்டிமாருக்கும் மருமகள்களுக்கும் அதிகம் மனத்தாங்கல் வரும் இடம் இது. ஒன்று முதல் ஆறு மாதம் வரை, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் சராசரியாக நாளுக்கு 750 முதல் 800 மி.லி. வரை குடிக்கின்றன. குழந்தைக்குக் குழந்தை இது நிறைய வேறுபடும். ஆனால் ஒரே குழந்தைக்கு இந்த மாதங்களில் அளவு பெரிதாக அதிகரிப்பதில்லை. 24 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால், மணிக்கு ஏறத்தாழ 30 மி.லி. காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குத் திரும்புகிறவர் 300 மி.லி. வைத்துவிட்டுப் போகலாம். அதை 80 அல்லது 100 மி.லி. அளவில் மூன்று நான்கு புட்டிகளாகப் பிரியுங்கள். அவசரத்துக்கு ஒரு 60 மி.லி. பை உறைநிலையில் இருக்கட்டும்.

பால்மாவு குடிக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரே வேளையில் 180 மி.லி. குடிக்கிறதே என்று ஒப்பிட வேண்டாம். “என் பேரனுக்குப் பால் பற்றவில்லை” என்று பாட்டி சொன்னால் அவரோடு வாதாடாமல் டயப்பர்களைக் காட்டுங்கள்: 24 மணி நேரத்தில் ஆறுக்குக் குறையாமல் நன்றாக நனைந்திருந்து, எடையும் ஏறிக்கொண்டிருந்தால் பால் போதுகிறது.

மறுத்துக்கொண்டே இருந்தால்

ஒரு வாரம், பத்து நாள் மறுப்பது வழக்கத்துக்கு மாறானதன்று. ஒரே நாளில் புட்டி, காம்பு, பால், இடம் என எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது. ஒன்றை மாற்றி, மூன்று நான்கு நாள் பாருங்கள். பாலைக் கொஞ்சம் கூடுதல் வெதுவெதுப்பாக, அல்லது மாறாகக் குளிர்ச்சியாகக் கொடுத்துப் பாருங்கள். மார்போடு அணைத்த நிலையில் பிடித்தால் சில குழந்தைகள் பாலைத் தேடி ஏமாந்து கோபப்படும். முதுகை உங்கள் மார்பில் சாய்த்து, முகம் வெளியே பார்க்க, சன்னலருகே உட்கார வைத்தால் சாந்தமாகக் குடிக்கும். அம்மாவின் பழைய துணியைத் தோளில் போட்டுக்கொண்டால் சில குழந்தைகள் அடங்கும், சில இன்னும் அழும். தூங்கி எழும் நேரத்தில், கண் பாதி மூடியிருக்கும்போது கையில் நிமிர்த்தி வைத்துக் கொடுத்தால் பல குழந்தைகள் ஏற்கின்றன. நடந்துகொண்டே கொடுப்பதும் பலன் தரும்.

இதெல்லாம் பலிக்காவிட்டால் புட்டியே வேண்டாம் என்று முடிவெடுக்கலாம். நம் பாட்டிமார் சங்கில் பால் புகட்டியவர்கள். சிராங்கூன் சாலைக் கடைகளில் இன்றும் சங்கு வாங்கலாம். எடை குறைந்து பிறந்து மார்பில் குடிக்க முடியாத குழந்தைகளுக்குக் கோப்பை, கரண்டி, பாலாடை (சங்கு போன்ற மூக்குள்ள சிறு கிண்ணம்) ஆகியவற்றால் பால் புகட்டும்படி உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் பழைய முறையில் ஒரு மாற்றம் தேவை. மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து வாய்க்குள் ஊற்றக் கூடாது. பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, சங்கின் நுனியைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்தால் குழந்தை தானே நாக்கால் எடுத்துக்கொள்ளும். சிறு கோப்பைக்கும் இதே முறைதான். முதல் முறை ஒரு தாய்ப்பால் ஆலோசகர் முன்னிலையில் செய்து பாருங்கள். கொஞ்சம் சிந்தும், கழுத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டால் போயிற்று.

மருத்துவரிடம் உடனே போக வேண்டிய நிலைகளும் உண்டு. நனைந்த டயப்பர்கள் வெகுவாகக் குறைவது, சிறுநீர் அடர் மஞ்சளாவது, வாய் உலர்வது, உச்சிக்குழி உள்வாங்குவது, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடப்பது ஆகியவை நீர்ச்சத்துக் குறைவின் அறிகுறிகள். குடிக்கும்போது ஒவ்வொரு முறையும் இருமினாலோ திணறினாலோ, மார்பையும் சேர்த்து மறுத்தாலோ காத்திருக்காதீர்கள். உதடு நீலம் பாய்ந்தால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995 எண்ணை அழையுங்கள்.

குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் விடுவதானால்

சிங்கப்பூரில் இந்த நிலையங்கள் 2 மாதத்திலிருந்து 18 மாதம் வரையிலான குழந்தைகளைச் சேர்த்துக்கொள்கின்றன. சேர்க்கும் முன் ஆசிரியையிடம் கேட்க வேண்டியவை: கறந்த பாலை எப்படி வாங்கி வைக்கிறார்கள், எவ்வாறு சூடேற்றுகிறார்கள், கையில் வைத்துக்கொண்டு கொடுக்கிறார்களா, நேரம் பார்த்துக் கொடுக்கிறார்களா, பசி பார்த்தா? நிதானமாகக் கொடுக்கும் முறையை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் முதல் நாட்களில் நேரில் காட்டுங்கள். வீட்டில் பழகிய அதே புட்டியையும் காம்பையும் பெயர் எழுதி அனுப்புங்கள். வேலைக்குப் போகும் வாரத்துக்கு முன்பே அரை நாள், முக்கால் நாள் என்று விட்டுப் பழக்கினால் உங்களுக்கும் ஒத்திகையாக இருக்கும்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரங்கள்

குழந்தை புட்டியில் குடிக்கும் ஒவ்வொரு வேளைக்கும் ஈடாக நீங்கள் ஒரு முறை பால் எடுக்க வேண்டும். அலுவலகத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. கூட்டம் நீண்டுவிட்டது என்று தள்ளிப்போட்டால் மார்பு கட்டிக்கொள்ளும். நிறைந்திருக்கும் மார்பில் சுரப்பும் மந்தமாகும். விடுப்பில் இருக்கும்போதே மேலாளரிடம் நேரத்தையும் இடத்தையும் பேசி முடித்துவிடுங்கள். உறைந்த பனிக்கட்டிப் பொதிகளுடன் காப்புப் பையில் வைத்த பால் 24 மணி நேரம் வரை தாங்கும் என்பதால், எம்ஆர்டி பயணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பகலில் 150 மி.லி. மட்டுமே குடித்துவிட்டு, நீங்கள் கதவைத் திறந்ததும் மார்பில் ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் குடிக்கும் குழந்தைகள் உண்டு. உண்ணும் நேரத்தைத் தாய் இருக்கும் பொழுதுக்கு மாற்றிக்கொள்கின்றன. டயப்பரும் எடையும் சரியாக இருந்தால் இதை நோயாகக் கருத வேண்டாம். இந்த வாரங்களில் தாய்க்குத் தூக்கம் குறையும் என்பதைக் குடும்பம் கணக்கில் எடுக்க வேண்டும். மாலையில் வந்ததும் சமையலறைக்குள் போகாமல் அவர் குழந்தையுடன் உட்காரட்டும். சோற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம். காலையில் கிளம்பும் முன் ஒரு முறையும் திரும்பியவுடன் ஒரு முறையும் நேரடியாகக் கொடுத்தால் பகலில் தேவைப்படும் புட்டி ஒன்று குறையும். நீங்கள் வருவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் வயிறு நிறையக் கொடுத்துவிட வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். பசி பொறுக்காவிட்டால் 20, 30 மி.லி. கொடுத்துச் சமாளிக்கலாம். ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கும்போது கோப்பையையும் சேர்த்துப் பழக்கத் தொடங்குங்கள். அதுவரை புட்டியை ஏற்காத குழந்தைகள் பலவும் கோப்பையில் குடிக்கத் தொடங்கும் வயது அது.